வால்வு நீரை எவ்வாறு ஆள்கிறது?

கோடையில் குளம் வற்றியபின் கரைமேல் நின்று பார்த்தால், திருநெல்வேலிச் சீமையின் பழைய குளங்கள் பலவற்றில், கரையிலிருந்து சற்று உள்ளே, வெடித்துக் கிடக்கும் வண்டலின் நடுவில் இரண்டு கல்தூண்கள் எழுந்து நிற்பதைக் காணலாம். அவற்றைக் குறுக்குக் கற்கள் பிணைத்திருக்கும். அடியில் ஒரு கல்தொட்டியும், அதன் மேல்மூடியில் வட்டமான ஒரு துளையும் இருக்கும். இதற்குக் குமிழி என்றும் குமிழித் தூம்பு என்றும் பெயர். அத்துளையில் கூம்பு வடிவ அடைப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதனோடு இணைந்த தண்டு குறுக்குக் கற்களின் ஓட்டைகள் வழியே மேலே வரும். தண்டை உயர்த்தினால் குளத்து நீர் துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக வயற்காலுக்குப் போய்ச் சேரும். இறக்கினால் நின்றுவிடும். கடையில் இன்று வாங்கும், கையால் இயக்கும் எந்த வால்வுக்கும் வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இங்கே இருக்கின்றன: நீர் செல்லும் துளை, துளையை மூடும் அடைப்பு, அடைப்பு உட்காரும் இருக்கை, அதை வெளியிலிருந்து இயக்கும் தண்டு. வால்வைப் பற்றிப் புதிதாகக் கற்பவர் தொழிற்சாலைப் படங்களிலிருந்து தொடங்குவதைவிட ஒரு குமிழியைப் பார்த்துத் தொடங்குவதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அடைப்பின் மீது என்ன நடக்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நீரின் ஆழம் 10 மீட்டர் கூடினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். குமிழித் துளை 20 சென்டிமீட்டர் அகலமும் அதன்மேல் நீர் 4 மீட்டர் ஆழமும் கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், துளையின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர்; சுருங்கை காலியாக இருக்கையில் அடைப்பை நீர் கீழ்நோக்கி அழுத்தும் விசை ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமம். ஆழம் கூடக் கூட அடைப்பு இன்னும் இறுக்கமாக உட்காரும். எந்த அழுத்தம் கசியப் பார்க்கிறதோ அந்த அழுத்தத்தைக் கொண்டே கசிவை அடைக்கும் உத்தி இது. முதல் அசைவுதான் கடினம். அடைப்பு சற்றே எழுந்து கீழேயும் நீர் நிறைந்தவுடன் அழுத்த வேறுபாடு குறைந்து தண்டு இலகுவாகிவிடும்.

திறந்த துளை வழியே நீர் எவ்வளவு விரைவாகப் பாயும் என்பதை இத்தாலியரான டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் வரையறுத்தார். வேகம் ஆழத்தோடு நேராகக் கூடுவதில்லை. ஆழத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 4 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகம் என்றால், குளம் வற்றி ஒரு மீட்டர் ஆழமே எஞ்சும்போது வேகம் கால்பங்காகாமல் பாதியாகவே குறையும். உராய்வும் துளையின் வடிவமும் இதைச் சற்றுக் குறைத்தாலும் விகிதம் மாறாது. பிசானப் பருவத்து நெற்பயிர் முற்றும் நாள்களில் குளம் இறங்க இறங்க மடையை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்கு இந்த வர்க்கமூலக் கணக்கு கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

இனி வீட்டுக் குழாய்க்கு வருவோம். வால்வு என்றால் மூடவும் திறக்கவும் உதவும் ஒரு கதவு என்றே பெரும்பாலோர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். நீரை முழுமையாக நிறுத்துவது ஒரு வேலை; வேண்டிய அளவு மட்டும் விடுவது இன்னொரு வேலை; ஒரு திசையில் மட்டும் போகவிடுவது மூன்றாவது வேலை. ஒன்றுக்கென்று செய்த வால்வை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் அது விரைவில் கெட்டுப்போகும் என்பதை நான் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள எங்கள் வாழைத் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

வாய்க்காலில் நீர் நிற்கும் மாதங்களுக்கென்று அங்கே ஒரு போர் மோட்டார் உண்டு. அதன் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் 2 அங்குல கேட் வால்வு ஒன்றைப் பொருத்தி, ஒரு பக்கம் குறைவாகப் போகட்டும் என்று கால்வாசி மட்டும் திறந்து மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டிருந்தோம். ஒருநாள் அதை முழுவதும் மூடியபோதும் நீர் நிற்கவில்லை. குழாய் வேலை பார்க்கும் அண்ணாச்சி அதைக் கழற்றி, உள்ளிருந்த பித்தளை ஆப்பை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் கீழ்விளிம்பு நகம் பதியும் ஆழத்துக்கு வரிவரியாக அரித்துப்போயிருந்தது. "இது தொறக்கதுக்கும் அடைக்கதுக்கும் உள்ளது தம்பி. பாதியில நிறுத்துததுக்கு இல்ல," என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். கேட் வால்வு என்பது மதகின் பலகையைப் போல ஓட்டத்துக்குக் குறுக்கே ஏறி இறங்கும் ஓர் ஆப்பு. முழுவதும் திறந்தால் ஆப்பு மேலே போய்விடும். நீர் தடையின்றி நேராகச் செல்லும். பாதியில் நிறுத்தினால், முழுக் குழாயில் வரும் நீரெல்லாம் ஆப்பின் அடியிலுள்ள ஒடுங்கிய பிறை வடிவ இடைவெளியில் நுழைந்தாக வேண்டும். இடம் குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738ல் எழுதிய நூல் விளக்குகிறது. போர் நீரோடு வரும் மணல் அந்த வேகத்தில் அரம்போல் வேலை செய்கிறது. அழுத்தம் மிகவும் குறைந்து, வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 25ல் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டால், நம் ஊர் வெப்பநிலையிலேயே நீர் ஆவியாகிக் குமிழிகளாகும். சற்றுத் தள்ளி அழுத்தம் மீண்டும் உயரும்போது அக்குமிழிகள் நொறுங்கி, உலோகத்தைச் சிறுசிறு குழிகளாகப் பெயர்க்கும். வால்வுக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் ஓசை கேட்டால் இந்தக் குமிழிச் சிதைவை ஐயப்பட வேண்டும். இவற்றோடு, தளர்வாகத் தொங்கும் ஆப்பு ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டும் இருக்கும். மேலும், கேட் வால்வில் முதல் சில திருப்புகளிலேயே பெரும்பகுதி நீர் வந்துவிடுவதால், அளவாகத் திறப்பதே இயலாத காரியம்.

அளவு பார்த்து விடுவதற்கென்று அமைந்தது குளோப் வால்வு. இதன் உள்ளே நடுச்சுவர் ஒன்று உண்டு. அதிலுள்ள வட்டத் துளையின்மேல் ஒரு தட்டு, குமிழியின் அடைப்பைப் போலவே, மேலிருந்து வந்து உட்காரும். தட்டு ஒவ்வொரு திருப்புக்கும் சீராக உயர்வதாலும், துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி ஒரே அளவில் விரிவதாலும், நீரைக் கூட்டவும் குறைக்கவும் நன்றாக வரும். வீட்டில் வாஷர் தேய்ந்து சொட்டும் பழைய திருகுக் குழாயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நீர் இதனுள் நேராகச் செல்ல முடியாது. கீழே இறங்கி, துளை வழியே மேலேறி, மீண்டும் திரும்பி வெளியேற வேண்டும். பொறியாளர்கள் இந்த இழப்பைக் குழாயின் நீளமாக மாற்றிச் சொல்வார்கள். முழுவதும் திறந்த கேட் வால்வு, குழாயின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தருகிறது. துளையிட்ட உருண்டை ஒன்று உள்ளே சுழன்று திறக்கும் பால் (ball) வால்வு ஏறத்தாழ 3 மடங்கு. குழாயைச் செங்கோணத்தில் திருப்பும் சாதாரண எல்போ ஏறத்தாழ 30 மடங்கு. குளோப் வால்வோ ஏறத்தாழ 340 மடங்கு. ஓர் அங்குலக் குழாயில் ஒரு குளோப் வால்வைப் பொருத்துவது, எட்டரை மீட்டர் குழாயைக் கூடுதலாக ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழேயுள்ள குளியலறைக் குழாயில் நீர் நூலாக வருவதன் காரணம் பல வீடுகளில் இங்கேதான் இருக்கிறது. கிடைக்கும் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். அதில் நான்கு எல்போ, குழாய் கிளை பிரியும் இரண்டு 'டீ' இணைப்பு, ஒரு திருகு வால்வு என்று வழி நெடுகச் செலவிட்டுவிட்டால் குழாய் வாயில் என்ன மிஞ்சும்? அங்கே அழுத்தத்தைக் கூட்டும் மோட்டார் வாங்குவதற்கு முன், திருகு வால்வுக்குப் பதிலாகக் கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு ஒன்றையும், எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவுள்ள 'பெண்ட்' (bend) இணைப்பையும் போட்டுப் பார்க்கலாம்.

இழந்த அழுத்தம் எங்கே போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. அது சுழலாகச் சிதறி, முடிவில் வெப்பமாகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் இழந்தால் நீரின் வெப்பநிலை 0.02 டிகிரி சொச்சம் உயரும். கை வைத்தால் தெரியாது. ஆயினும் வால்வு நீரைக் கட்டுப்படுத்துவது இந்தச் செலவின் மூலமாகவே. வால்வைத் திருகும்போது, நீர் தன்னிடமுள்ள ஆற்றலில் எவ்வளவை அந்த இடத்தில் செலவழித்துவிட்டுப் போகவேண்டும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்கிறோம். இதைப் புரிந்துகொண்டால் மற்ற வால்வுகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

பால் வால்வைப் பரிந்துரைத்தபின் அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஓடும் நீருக்கு எடையும் வேகமும் உண்டு. நீண்ட குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் நீரைச் சட்டென்று மறித்தால், முன்னால் உள்ள நீர் நின்றுவிட, பின்னால் வரும் நீர் அதன்மேல் மோதும். அந்த மோதல் ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே பின்னோக்கி ஓடும். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்த ரஷ்ய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி 1898ல் இதற்குரிய கணக்கை வெளியிட்டார். இரும்புக் குழாயில் இந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் வேகத்தில் செல்லும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மட்டுமே ஓடிய நீரைத் திடீரென நிறுத்தினாலும், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ எகிறும். அது 120 மீட்டர் உயரத்தில் வைத்த தொட்டியின் அழுத்தம்! பிவிசி குழாய் சற்று விரிந்துகொடுப்பதால் அலையின் வேகமும் அடியும் குறைவு. ஆனால் பிவிசி தாங்கும் வலுவும் குறைவே.

'திடீரென' என்பதற்கும் ஓர் அளவு உண்டு. வால்வில் பிறந்த அலை குழாயின் மறுமுனைக்குச் சென்று திரும்புவதற்குள் மூடிவிட்டால் அடி முழுமையாக விழும். 600 மீட்டர் இரும்புக் குழாய்க்கு அந்த நேரம் ஒரு நொடி. பெரிய குழாய்களின் வால்வுகளைப் பல்சக்கரம் வைத்துப் பல திருப்புகளில் மெதுவாக மூடும்படி அமைப்பது இதனால்தான். தோட்டத்தில் பால் வால்வை வைத்திருப்பவர்கள் கைப்பிடியை ஒரே இழுப்பில் சாத்தாமல், ஐந்தாறு எண்ணும் நேரத்தில் சாத்தினால் குழாய் இணைப்புகள் பிழைக்கும். இதே அடியை நன்மைக்குத் திருப்பியவர் பிரான்சின் ஜோசப் மாண்ட்கோல்ஃபியர். வெப்பக்காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவர். ஓடும் நீரே தன் வேகத்தால் ஒரு வால்வைப் படக்கென்று சாத்த, எழும் அழுத்தம் நீரில் ஒரு பகுதியை உயரத்துக்கு ஏற்றும் இயந்திரத்தை அவர் 1796ல் உருவாக்கினார். அதற்கு மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

மூன்றாவது வேலையான ஒருவழிப் போக்குக்கு நம் கிணறுகளின் ஃபுட் வால்வே நல்ல உதாரணம். கிணற்றுமேட்டில் மோட்டார் இருக்க, உறிஞ்சுகுழாயின் அடியில் நீருக்குள் மூழ்கியிருக்கும் சல்லடைக் கூட்டினுள், ஒரு தோல் மடல் மேல்நோக்கி மட்டும் திறக்கும்படி பொருத்தப்பட்டிருக்கும். மோட்டார் இழுக்கும்போது மடல் திறக்கும். மோட்டார் நின்றால் குழாயிலுள்ள நீரின் எடையே மடலை அழுத்தி மூடிவிடும். மடல் சரியாகப் படியாவிட்டால் இரவோடு இரவாகக் குழாய் காலியாகி, காலையில் மோட்டார் காற்றைத்தான் சுற்றும். சிறுவயதில், அப்பா குடம் குடமாகப் பம்பில் நீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, அதுவும் நிற்காதபோது சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொல்வார். கரைசல் குழாயில் இறங்கியதும், கசியும் இடத்தை நோக்கி ஓடும் நீரே சாணத்தின் நாரை இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் செருகும். கசிவு தானாக அடைபடும். அது உடனடி மருத்துவமே தவிர நிலையான தீர்வு அன்று. ஆனாலும் அழுத்தம் எங்கே ஓடுகிறதோ அங்கேயே அடைப்பையும் கொண்டுபோகும் என்ற சூட்சுமத்தை நான் முதலில் கண்டது அதில்தான்.

சைக்கிளின் பழைய வால்வு இதைவிடவும் எளியது. பக்கவாட்டில் துளையுள்ள சிறு உலோகக் குழலின்மேல், வால்வு டியூப் என்ற மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டப்பட்டிருக்கும். பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அடித்து முடித்தால் டியூபுக்குள் இருக்கும் காற்றே ரப்பரைத் துளையின்மேல் அழுத்திவிடும். நம் இதயத்தில் இருக்கும் நான்கு வால்வுகளும் இவ்வாறே அழுத்த வேறுபாட்டால் தாமாகத் திறந்து மூடும் இதழ்கள்தாம்.

அசையும் மடலே இல்லாமல் ஒருவழிப் பாதை அமைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1916ல் விண்ணப்பித்து 1920ல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் படத்தைப் பார்த்தால், நேரான பாதை ஒன்றின் இருபுறமும் காதுமடல்போல் வளைந்த கிளைவழிகள் மாறிமாறி அமைந்திருக்கும். ஒரு திசையில் வரும் நீர் கிளைகளுக்குள் அதிகம் நுழையாமல் நடுவழியே போய்விடும். எதிர்த்திசையில் வருவதோ ஒவ்வொரு கிளையிலும் இழுபட்டு, வளைந்து திரும்பி, தன் பின்னால் வரும் நீரின்மேலேயே மோதும். வாய்க்காலை வளைத்து அதே வாய்க்காலுக்கு எதிராகத் திருப்பிவிட்டது போன்ற ஏற்பாடு. எதிர்த்திசையில் தடை 200 மடங்கு வரை இருக்கலாம் என்று டெஸ்லா எழுதினார். பிற்காலத்து அளவீடுகள் அதைவிட மிகக் குறைவாகவே காட்டின. இது நீரை முழுவதும் நிறுத்தவும் நிறுத்தாது. இருந்தும், தேய்வதற்கென்று அதில் எந்த உறுப்பும் இல்லை என்பது பெரிய நன்மை. விட்டுவிட்டு அடிக்கும் ஓட்டத்தில் அதன் திறன் கூடுகிறது.

மனிதக் கை இல்லாமல் தானே முடிவெடுக்கும் வால்வுகளும் பழையவைதாம். மேல்தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவைப் பந்து எழுந்து குழாயை மூடுகிறதல்லவா, அந்த மிதவை உத்தியைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தெசிபியஸ் நீர்க்கடிகாரத்தில் பயன்படுத்தியதாகக் கூறுவர். அடுப்படியில் இருக்கும் குக்கரின் எடை வால்வுக்கு மூதாதை, டெனி பாப்பின் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் நீராவிப் பாத்திரத்துக்கு வைத்த பாதுகாப்பு வால்வு. குறித்த அழுத்தம் வரும்வரை எடை கீழே இருக்கும், மீறினால் எழும். பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வந்து சேருவோம். அங்கே உலையின் வெப்பத்தை ஏந்திச் செல்லும் முதற்சுற்றின் நீர் 300 டிகிரிக்கு மேல் சூடாகியும் கொதிக்காதிருக்க, வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 155 மடங்கு அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. மிகுந்தால் விடுவிக்கும் வால்வின் கொள்கை குக்கரின் எடையினுடையதே. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்திலோ சிக்கல் நேர் எதிரானது. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. இந்தக் குளிரில் சாதாரண ரப்பர் கண்ணாடிபோல் உடையும். உலோகம் சுருங்கி இருக்கையைவிட்டு விலகும். ஆகவே இத்தகைய வால்வுகளின் தண்டை நீளமாக அமைத்து, கசிவைத் தடுக்கும் பொதியைக் குளிரிலிருந்து தூரமாக மேலே வைக்கிறார்கள்.

இவை அனைத்திலும் என் மனத்துக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு, சொட்டுநீர்ப் பாசனத்தில் வாழையடியில் நீரைச் சொட்டவிடும் சொட்டுவான்தான். மணிக்கு நான்கு லிட்டர் மட்டும் விடவேண்டும் என்றால் ஊசித்துளை ஒன்று போதுமே என்று தோன்றும்; ஆனால் ஊசித்துளை ஒரே நாளில் மண்ணால் அடைத்துக்கொள்ளும். இஸ்ரேலின் பொறியாளர் சிம்கா பிளாஸ் துளையைச் சிறிதாக்காமல் வழியை நீளமாக்கினார். ஓரளவு அகலமான பாதையைச் சுருளாக நீட்டிவிட்டால், நீர் தன் அழுத்தத்தை உராய்விலேயே செலவழித்துவிட்டு, வாயில் வரும்போது சொட்டாகத் தளர்ந்திருக்கும். ஹத்செரிம் என்ற கூட்டுப்பண்ணையோடு 1965ல் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டபின் இது பெருமளவில் உற்பத்தியானது. பின்னாளில் சுருளுக்குப் பதில் பல்வரிசைபோல் மடங்கி மடங்கிச் செல்லும் பாதை வந்தது. அதன் ஒவ்வொரு மடிப்பும் ஓர் எல்போதான். வீட்டுக் குழாயில் நமக்கு எதிரியாக இருந்த இழப்பு, இங்கே நாம் வேண்டி வாங்கும் பொருளாகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு சொட்ட வேண்டுமானால், அழுத்தம் கூடினால் தானே வளைந்து வழியைக் குறுக்கும் மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்றையும் உள்ளே வைக்கிறார்கள்.

எனினும் மண்ணின் தொல்லை முற்றிலும் நீங்கிவிடவில்லை. குமிழியைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மேலே நீரோடித் துளை வைத்ததோடு, தொட்டியின் அடியில் சேறோடித் துளைகள் என்று தனியே சிறு துளைகளையும் வைத்து, நீர் இறங்கும்போதே அடிச்சேறும் கலந்து வெளியேற வழி செய்தார்கள். எங்கள் தோட்டத்தில் வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்மண்ணுக்காக, ஒவ்வொரு சொட்டுக்குழாயின் கடைமுனையிலும் ஒரு மூடி இருக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே அதைக் கழற்றுவேன். முதலில் செம்மண் நிறத்தில் கலங்கி வரும்; அரை நிமிடத்தில் தெளியும்; அதன்பின் மூடியை மெதுவாகத் திருகி மூடுவேன்.